கபிஸ்தலம் பலகையில் எழுத்து கலங்குகிறது: கேமுக்குள் நுணுக்கமாக வரைவது எப்படி?

அரசலாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்ற கேமுக்கு ஒரு ஸ்கின், அதாவது வண்டிக்கு மேல் போர்த்தும் படம், செய்துகொண்டிருக்கிறேன், மூன்று வாரமாக ராத்திரி இதுதான் வேலை. அப்பா கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணம் – திருவையாறு தடத்தில் பல வருடம் போனார், சுவாமிமலை, கபிஸ்தலம் வழி. அந்த வண்டியை அப்படியே கேமுக்குள் கொண்டுவந்து அவர் கையில் போனைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இந்தோனேசியாவிலும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுவார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம், படிக்கட்டு இடப்பக்கம், அதனால் நம் வண்டி அதில் ஒட்டாமல் நிற்பதில்லை, சொந்த வண்டி போலவே இருக்கிறது.

நிறமெல்லாம் வந்துவிட்டது. எழுத்துதான் வரவில்லை. லேப்டாப்பில் இருக்கும் பழைய போட்டோஷாப்பில் 'கும்பகோணம்' என்று அடித்தால் கோவின் கொம்பு தனியாகக் கழன்று விழுகிறது. சரி என்று போனில் அடித்துப் படமாக எடுத்து ஒட்டினேன். இப்போது எழுத்து சரி, ஆனால் கேமில் பார்த்தால் மஞ்சள் பலகையில் 'கபிஸ்தலம்' என்ற இடத்தில் ஒரு கறுப்புப் புழு நெளிகிறது. 'ஸ்த' இருக்கும் இடமே தெரியவில்லை. வண்டியை விரித்து வைத்த டெம்ப்ளேட் படம் 2048-க்கு 2048 பிக்ஸல். அதை 4096 ஆக்கிப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

மன்னை_லைனர் எழுதியது:

தம்பி, 4096 ஆக்கியும் ஏன் மாறவில்லை என்றால் ஏற்கெனவே கலங்கிய படத்தைத்தான் நீங்கள் இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறீர்கள். கலங்கல் தண்ணீரைப் பெரிய குடத்தில் ஊற்றினால் தெளியாது. அதோடு பல கேம்கள் தனக்கு வேண்டிய அளவுக்குப் படத்தைத் திரும்பச் சுருக்கிக்கொள்ளும்.

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள், எல்லா ஸ்கின்னுக்கும் நான் இதைத்தான் முதலில் போடுவேன். வண்டி நீளம் சுமார் 11 மீட்டர். டெம்ப்ளேட்டில் ஒரு பக்கவாட்டுக்கு விளிம்பு போக 2000 பிக்ஸல் என்று வையுங்கள். அப்படியென்றால் ஒரு பிக்ஸல் என்பது நிஜ வண்டியில் ஐந்தரை மில்லிமீட்டர். நிஜ வண்டியில் ஐந்து சென்டிமீட்டர் உயரம் உள்ள எழுத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது ஒன்பது பிக்ஸல். ஒன்பது பிக்ஸல் உயரத்தில் 'ட', 'ப' நிற்கும். 'ண' நிற்காது, 'ஸ்த' நினைத்தே பார்க்க முடியாது. எனவே வரைவதற்கு முன்னாலேயே எது படிக்கப்பட வேண்டிய எழுத்து, எது எழுத்து மாதிரி தெரிந்தால் போதும் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் போக்குவரத்துக் கழகத்தின் பெயர், முன்னால் தடப் பலகை, இரண்டும் படிக்கப்பட வேண்டும். படிக்கட்டு ஓரத்தில் இருக்கும் சின்ன அறிவிப்புகளை நாலு கோடு போட்டு விட்டுவிடலாம், யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

முன் பலகைக்கு டெம்ப்ளேட்டில் எத்தனை பிக்ஸல் இருக்கிறது? அளந்து சொல்லுங்கள்.

அரசலாறு எழுதியது:

அளந்தேன் அண்ணே. 220-க்கு 40. அதில் மேலே ஊர் இரண்டும், கீழே வழி. அதாவது வழிக்கு 12 பிக்ஸல் கூட இல்லை.

வண்டல்_கேமிங் எழுதியது:

இதற்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? நிஜ வண்டியைப் பஸ் ஸ்டாண்டில் போட்டோ எடுத்து அப்படியே ஒட்டிவிடுங்கள். இப்போது ஏஐ வைத்துத் தெளிவாக்கிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் இரண்டு ஸ்கின் செய்தேன், ஒரே மதியத்தில் முடிந்தது.

தூரிகை_தஞ்சை எழுதியது:

வண்டல் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், போட்டோவை ஒட்டினால் வெயிலையும் சேர்த்து ஒட்டுகிறீர்கள். காலையில் எடுத்த போட்டோவில் ஜன்னல் விளிம்புக்குக் கீழே ஒரு நிழல் விழுந்திருக்கும், தகரத்தில் எதிர்ச்சாரிக் கடை பளபளத்திருக்கும். கேமில் சூரியன் வேறு பக்கம் இருக்கும்போதும் அந்த நிழல் அங்கேயே நிற்கும், ராத்திரி ஓட்டினாலும் அந்தக் காலை வெயில் அங்கேயே நிற்கும். போட்டோ பார்த்து வரைய வேண்டும், அதை உரித்து ஒட்டக் கூடாது. ஏஐ விஷயத்தில் என் அனுபவம், தமிழ் எழுத்து தெளிவில்லாமல் இருந்தால் அது எழுத்து போலவே இருக்கும் ஏதோ ஒன்றை வரைந்து வைக்கும். 'ழ' இருந்த இடத்தில் ஊர் உலகத்தில் இல்லாத ஒரு எழுத்து இருக்கும். அதைத் திருத்துவதற்குள் புதிதாக இரண்டு பலகை எழுதிவிடலாம்.

அரசலாறு தம்பிக்கு. என் அப்பா தஞ்சாவூரில் போர்டு எழுதியவர், கடைப் பலகை, லாரி, பஸ் எல்லாம். டப்பாவையும் பிரஷ்ஷையும் தூக்கிக்கொண்டு நான் கூடப் போவேன். அவர் சின்ன இடத்தில் எழுதும்போது செய்ததைத்தான் நான் இப்போது 40 பிக்ஸலில் செய்கிறேன். தடித்த எழுத்து தெளிவாகத் தெரியும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தமிழில் அது நேர் எதிர். நம் எழுத்துக்கு உயிர் உள்ளே இருக்கும் ஓட்டையில்தான் இருக்கிறது. 'ண'வின் சுழிக்குள், 'ஸ'வின் வளைவுக்குள் பலகையின் நிறம் தெரிய வேண்டும். அது அடைபட்டால் எழுத்து செத்துவிடும். அதனால் சின்ன அளவுக்கு மெல்லிய எழுத்துருவை எடுத்து, எழுத்துக்கு நடுவே இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். அப்பா சுழியைப் போட்ட பிறகு உள்ளே பலகை நிறத்தை ஒரு சொட்டு வைத்துத் திறந்துவிடுவார். நீங்களும் அதையே செய்யுங்கள், 800 சதவீதம் பெரிதாக்கிப் பென்சில் கருவியில் ஒரே ஒரு மஞ்சள் பிக்ஸல். எழுத்து கண் திறந்துகொள்ளும்.

'கபிஸ்தலம்' என்ற பெயரில் 'ஸ்' மேல் வரும் புள்ளி வேறு தொல்லை தரும். அந்தப் புள்ளியை ஒரு பிக்ஸலாக வைத்தால் கேம் அதைப் பக்கத்து நிறத்தோடு குழைத்துவிடும். இரண்டு பிக்ஸலாக வையுங்கள், எழுத்திலிருந்து இரண்டு பிக்ஸல் மேலே தள்ளி. புள்ளி தனியாக நின்றால் கண் மிச்சத்தைப் படித்துக்கொள்ளும்.

அரசலாறு எழுதியது:

அக்கா, இதை யாரும் இப்படிச் சொன்னதில்லை. இன்றைக்கே உட்காருகிறேன். கொம்பு கழன்று விழுவதற்கு மட்டும் என்ன செய்வது?

மன்னை_லைனர் எழுதியது:

அது எழுத்துருவின் தப்பு இல்லை, எழுத்தை அடுக்கும் இயந்திரத்தின் தப்பு. யூனிகோடில் 'கோ' என்று அடித்தால் உள்ளே க முதலில் இருக்கும், உயிர்க்குறி பின்னால் இருக்கும், அதைப் பிரித்துக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது மென்பொருளின் வேலை. போட்டோஷாப்பில் டைப் அமைப்புக்குள் போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். ரொம்பப் பழைய பதிப்பில் அது இருக்காது. அப்படியானால் இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் அடியுங்கள், அது தமிழை ஒழுங்காக அடுக்கும். அடித்ததும் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்துக் கோடாக மாற்றிவிட்டால் அப்புறம் எந்த மென்பொருளுக்குக் கொண்டுபோனாலும் உடையாது. பாமினி மாதிரி யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு வைத்திருப்பவர்கள் யூனிகோடில் அடித்துவிட்டு எழுத்துரு வேலை செய்யவில்லை என்பார்கள். அதற்கு எழுத்து மாற்றியில் போட்டு எடுத்து ஒட்ட வேண்டும்.

கோடாக மாற்றுவது கார் கேம்களுக்கும் உதவும். 2017-ல் வந்த கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டில், 2024-ல் அதன் ஆன்லைன் சேவை நிற்கும் வரை, சொந்தமாக டீக்கல் (ஒட்டுப்படம்) ஏற்ற முடிந்தது, படத்தைக் கோடுகளாக வைக்கும் எஸ்விஜி கோப்பு, ஆனால் 15 கேபிக்குள் இருக்க வேண்டும். எழுத்து கோடாக இருக்க வேண்டும், உள்ளே போட்டோ இருக்கக் கூடாது. 15 கேபி என்றதும் பயந்துவிடாதீர்கள். வளைவில் தேவையில்லாத கணுக்களை எடுத்துவிட்டு, தசம எண்களைக் குறைத்தால் ஒரு யாளியையே அதில் அடக்கலாம், நான் அடக்கியிருக்கிறேன்.

நாகை_டிரக்கர் எழுதியது:

யூரோ டிரக் சிமுலேட்டர் 2 ஆடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே படம் டிடிஎஸ் கோப்பாகப் போகும். டிஎக்ஸ்டி முறையில் சுருக்கினால் படத்தை 4-க்கு 4 பிக்ஸல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே நிறத்தைத்தான் நினைவில் வைக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே இன்னும் இரண்டு கலப்பு நிறம், மொத்தம் நாலு. அரசலாறு சொன்ன பலகை மாதிரி மஞ்சள் மேல் கறுப்பு எழுத்து பிரச்சினையே இல்லை. அதே கட்டத்துக்குள் சிவப்பும் வந்தால் முடிந்தது, மூன்றில் ஒன்று அழுக்காகிவிடும். நான் மூன்று மாதம் என் பிரஷ்ஷைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் 4 பிக்ஸல் கட்டத்தைத் திரையில் வரவைத்து, சிவப்புக் கோடு கட்டத்தின் ஓரத்தில் தொடங்கும்படி இரண்டு பிக்ஸல் நகர்த்தினேன். அழுக்கு போய்விட்டது.

இன்னொன்று, மிப்மேப். வண்டி தூரம் போகப் போக கேம் படத்தை 2048, 1024, 512 என்று பாதி பாதியாகச் சுருக்கிய நகலைத்தான் காட்டும். டெம்ப்ளேட்டில் ஒரு துண்டின் ஓரம் வரை மட்டும் நிறம் அடித்துவிட்டு வெளியே வெள்ளையாக விட்டால், சுருங்கும்போது அந்த வெள்ளை உள்ளே கசியும். தூரத்தில் வண்டி மடிப்பெல்லாம் வெள்ளைக் கோடாகத் தெரிவது இதனால்தான். ஓரத்தைத் தாண்டி 8 பிக்ஸலாவது, முடிந்தால் 16, அதே நிறத்தை இழுத்துவிடுங்கள்.

குத்தாலம்_குட்டி எழுதியது:

எனக்கு ஒரு பக்கம் எழுத்து சரியாகவும் மறுபக்கம் கண்ணாடியில் பார்த்தது போலவும் வருகிறது. என்ன செய்ய?

மன்னை_லைனர் எழுதியது:

அந்த மாடலில் இரண்டு பக்கமும் டெம்ப்ளேட்டின் ஒரே இடத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறது. ஸ்கின் அளவில் அதற்கு மருந்து கிடையாது. முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் மாடலைத் திறக்க முடிந்தால், படத்தின் எந்த இடம் வண்டியின் எந்தப் பகுதிக்கு என்று காட்டும் யூவியில் ஒரு பக்கத்தைப் பிரித்து வேறு இடத்தில் வையுங்கள். இல்லையென்றால் வேறு மாடல் எடுங்கள், அல்லது பக்கவாட்டில் எழுத்தே இல்லாத வண்டியாகத் தேர்ந்தெடுங்கள்.

மாயூரம்_கட்டை எழுதியது:

பஸ்ஸிலேயே நிற்கிறீர்களே, கட்டை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் கேம் பக்கமும் கொஞ்சம் வாருங்கள். இங்கே நமக்குக் கிடைப்பது ஒரு மேப்புக்கு (தரையை மேலிருந்து காட்டும் படம்) 128-க்கு 128, அதாவது 16,384 கட்டை. ஒவ்வொரு கட்டையும் மேப்பில் ஒரு பிக்ஸல். தரையில் அடுக்கி, மேப்பை எடுத்து, சட்டத்தில் மாட்டினால் ஓவியம். நான் போன வருடம் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஆறு மேப்பில் செய்தேன், இரண்டு அகலம், மூன்று உயரம்.

நிறம் போதவில்லை என்று எல்லோரும் அழுவார்கள். உண்மையில் ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று சாயல் இருக்கிறது. ஒரு கட்டை தனக்கு வடக்கே உள்ள கட்டையைவிட உயரமாக இருந்தால் மேப்பில் வெளுப்பாகத் தெரியும், தாழ்ந்திருந்தால் கருப்பாக, ஒரே மட்டமாக இருந்தால் நடுத்தரமாக. எனவே சமதளமாக அடுக்காமல் படிப்படியாக ஏற்றி இறக்கினால் நிறம் மூன்று மடங்கு. மேலே பறந்து பார்த்தால் கோணல்மாணலாக ஒரு மலை மாதிரி இருக்கும், மேப்பில் பார்த்தால் கோயில் நிற்கும். நம் ஊர் கல்லுக்கு டெரகோட்டா நிறங்கள்தான் சரியாக வரும், 1.12 பதிப்புக்குப் பிறகு பதினாறும் மேப்பில் தனித்தனி நிறம். சாயங்கால வெயிலில் விமானம் தேன் நிறத்துக்கு வருமே, அதை வெறும் மஞ்சள் கம்பளியில் கொண்டுவர முடியாது.

போட்டோவைக் கொடுத்தால் எந்தக் கட்டை எங்கே என்று கணக்குப் போட்டுத் தரும் மேப்ஆர்ட்கிராஃப்ட் என்ற கருவி இருக்கிறது, அது தருவதை லிட்டமாட்டிகா என்ற மோடில் (கேமோடு சேர்க்கும் துணை நிரல்) ஏற்றினால் ஆவி மாதிரி உருவம் தெரியும், அதன் மேல் அடுக்கிக்கொண்டு போகலாம். அதில் டிதரிங் என்று ஒன்று. ஃபிளாய்டும் ஸ்டெய்ன்பெர்க்கும் 1976-ல் வெளியிட்ட முறைதான் இன்றும் அதிகம். ஒரு பிக்ஸலில் நிறம் தப்பினால் அந்தத் தப்பைப் பக்கத்து நாலு பிக்ஸலுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும். வானத்துக்கு அருமை. ஆனால் விமானத்துக்குப் போட்டால் நாசம். வரிசை வரிசையாக இருக்கும் கோஷ்டங்களும் தூண்களும் எள்ளைத் தூவியது போல ஆகிவிடும். நான் வானத்தை மட்டும் கணக்கில் விட்டுவிட்டு விமானத்தைக் கையால் போட்டேன். ஒவ்வொரு தளமும் எங்கே முடிகிறது என்று நேரில் போய் எண்ணிக்கொண்டு வந்தேன். அந்த நிழல் கோடுகள் சரியாக விழுந்தால் 128 பிக்ஸலிலும் அது பெரிய கோயில்தான். தவறினால் ஏதோ ஒரு கோபுரம்.

முடித்ததும் மேப்பைக் கண்ணாடிப் பலகை வைத்துப் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்து அந்த இடத்தில் கட்டையைப் பிரிக்கும்போது படமும் கலைந்துவிடும்.

புள்ளி_வரிசை எழுதியது:

அனிமல் கிராசிங் நியூ ஹொரைசன்ஸ் கேமில் கோலம் போடுகிறேன். 32-க்கு 32 பிக்ஸல், பதினைந்து நிறம். பலரும் கோலத்தைப் போட்டோவிலிருந்து சுருக்கிப் போடுகிறார்கள், அது சிலந்தி வலையாகிவிடும். கோலத்தைப் பாட்டி போடுவது போலப் புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். நாலு பிக்ஸலுக்கு ஒரு புள்ளி வைத்தால் 32-ல் சரியாக எட்டுப் புள்ளி. இரண்டு புள்ளிக்கு நடுவே மூன்று பிக்ஸல் இருக்கும், நடுவில் ஒரு பிக்ஸல் கோடு, இரு பக்கமும் ஒரு பிக்ஸல் தரை. சிக்குக் கோலத்தின் கோடு 45 பாகையில் சாய்ந்து போவதால் பிக்ஸலுக்கு அதைவிடப் பொருத்தமான சாய்வு இல்லை. 32-ஐ நாலு மிச்சமில்லாமல் வகுப்பதால் ஓடு ஓடாக அடுக்கினாலும் தையல் தெரியாது, வாசல் முழுக்க ஒரே கோலம் ஓடும். கேம் தானே ஓரங்களை வழவழப்பாக்கும், அதனால் புள்ளியைச் சுற்றும் வளைவின் மூலையை நீங்கள் உருட்ட வேண்டாம், ஒரு பிக்ஸலை வெட்டிவிட்டால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

பெரிய படத்தில் இதையே செய்ய கிரிட்டாவில் W அழுத்துங்கள், படம் நாலு பக்கமும் தொடர்ந்து தெரியும்.

பொன்ரேக்கு எழுதியது:

தட்டையான படம் பற்றியே பேச்சு போகிறது. தஞ்சாவூர் ஓவியத்தை ஒரு கேம் வீட்டுக்காகச் செய்தபோது நான் பட்டதைச் சொல்கிறேன். தங்கத்தை மஞ்சள் நிறமாக வரைந்தால் மஞ்சள் சுவரொட்டியாகத்தான் தெரியும். நிஜ ஓவியத்தில் சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் குழைத்து மேடாக்கி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டுவார்கள். மேடும் பளபளப்பும் சேர்ந்துதான் தங்கம். கேமிலும் அதே வரிசைதான். முதலில் கறுப்பு வெள்ளையில் ஓர் உயரப் படம், நகை இருக்கும் இடம் வெள்ளை. அதிலிருந்து நார்மல் மேப், அதாவது மேடுபள்ளத்தில் வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்று கேமுக்குச் சொல்லும் படம். தங்கம் இருக்கும் இடத்தில் மட்டும் உலோக அளவு முழுதாக 1, நிறம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 255, 226, 155 பக்கம். அப்புறம் சொரசொரப்பு. இதை ஒரே சீராக வைக்காதீர்கள், ரேக்கு ஒட்டும்போது விரல் பட்ட இடம் கொஞ்சம் மங்கியிருக்கும். அந்த மங்கலைத் திட்டுத் திட்டாக வைத்த பிறகுதான் என் கிருஷ்ணன் விளக்கு வெளிச்சத்தில் அசைந்தார். மேடு உள்ளே குழியாகத் தெரிந்தால் பதறாதீர்கள், நார்மல் மேப்பின் பச்சை அடுக்கு தலைகீழாக இருக்கிறது. பிளெண்டரும், கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியும் ஒரு மாதிரி, அதே வகையைச் சேர்ந்த அன்ரியல் வேறு மாதிரி. பச்சையை மட்டும் திருப்பினால் சரியாகிவிடும்.

அரசலாறு எழுதியது:

ஐந்து நாள் கழித்து வருகிறேன். இங்க்ஸ்கேப்பில் எழுதி, கோடாக்கி, மெல்லிய எழுத்துருவில் 220-க்கு 40-க்குள் வைத்து, சுழி சுழியாகத் திறந்தேன். 'வழி' என்பதைச் சிவப்பில் வைத்து நாலு பிக்ஸல் தள்ளினேன். 'ஸ்'க்கு மேல் இரண்டு பிக்ஸல் புள்ளி. கபிஸ்தலம் படிக்க முடிகிறது! வண்டி எதிரே வரும்போது 'திருவையாறு' தூரத்திலேயே தெரிகிறது. உள்ளே டிரைவருக்குப் பின்னால் திருக்குறள் பலகை, அது எழுத்து மாதிரி தெரிந்தால் போதும் என்று மன்னை அண்ணன் சொன்னபடி விட்டேன், ஆனால் மனசு கேட்கவில்லை, முதல் சொல்லை மட்டும் ஒழுங்காக எழுதினேன்.

அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "பலகை இவ்வளவு நேராக இருக்காது" என்றார். வலது பக்கக் கொக்கி தேய்ந்து, அந்தப் பக்கம் எப்போதும் ஒரு விரல் இறங்கியே தொங்குமாம். திருவையாறில் திருப்பி மாட்டும்போது தினமும் அதைச் சரி செய்வாராம், திருக்கருகாவூர் போகிற வண்டியில் மாற்று வேலைக்குப் போன நாளிலும் கை அங்கேதான் போகுமாம்.

எனவே பலகையைச் சாய்க்க வேண்டும். படத்தைச் சுழற்றினேன், பழையபடி புழு வந்துவிட்டது. அக்கா, என்ன செய்ய?

தூரிகை_தஞ்சை எழுதியது:

முடிந்த படத்தைச் சுழற்றாதே தம்பி, பிக்ஸல் எல்லாம் குழைந்துவிடும். இங்க்ஸ்கேப்பில் கோடாக இருக்கும்போதே ஒரு பாகை, மிஞ்சிப்போனால் ஒன்றரைப் பாகை சாய்த்து, அப்புறம் படமாக எடு. 220 பிக்ஸல் அகலத்துக்கு ஒரு பாகை என்றால் வலது ஓரம் கிட்டத்தட்ட நாலு பிக்ஸல் இறங்கும், ஒரு விரல் கணக்குக்கு அது சரியாக இருக்கும். அதன் பிறகு சுழிகளை மறுபடி ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும், பழைய மஞ்சள் பிக்ஸல்களை நகல் எடுத்து வைத்தால் இடம் மாறியிருக்கும். அரை மணி நேர வேலை. கொக்கிக்கு ஒரு துளி துரு நிறம் வை.

அரசலாறு எழுதியது:

வைத்துவிட்டேன் அக்கா. துரு இரண்டு பிக்ஸல். அப்பா இப்போது கபிஸ்தலம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார், போன் திரும்பக் கிடைக்கவில்லை. டெம்ப்ளேட்டும் இங்க்ஸ்கேப் கோப்பும் இந்த இழையிலேயே இணைக்கிறேன், யாருக்கு எந்தத் தடம் வேண்டுமோ ஊர்ப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

குத்தாலம்_குட்டி எழுதியது:

நான் மயிலாடுதுறை – கும்பகோணம் எடுத்துக்கொள்கிறேன். 'டு'வையும் 'து'வையும் பக்கத்துப் பக்கத்தில் எப்படித் திறப்பது என்று நாளைக்குக் கேட்பேன்.